மலைநாட்டுக் கைவினைச் சந்தையில் ஒரு கைத்தறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று மலைநாட்டு டவுன்களில் சனி, ஞாயிறு பார்த்துக் கைவினைச் சந்தை போடுவார்கள். நூல் நூற்பவர்கள், பின்னல்காரர்கள், பாய் நெய்பவர்கள், சாயம் போடுபவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். நான் நெசவுக்காரி. மேசைத் தறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் உட்காருவேன். நெய்து முடித்த சால்வைகள் ஒரு பக்கம் தொங்கும், மறுபக்கம் தறியில் வேலை ஓடும். பார்க்க வருகிறவர்களுக்குக் கேட்க நிறைய இருக்கிறது. அந்த இரைச்சலில் பாதிப் பதிலுக்கு மேல் சொல்ல முடிவதில்லை. அதனால் முழுப் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு சால்வை நெய்ய எத்தனை நாள் ஆகும்?

தறியில் உட்கார்ந்து நாடா (குறுக்கு நூலைச் சுமந்து இங்குமங்கும் ஓடும் கட்டை) ஓட்டும் வேலை, கை பழகியவருக்கு இரண்டு நாள். அதற்கு முன்னால் நடக்கும் வேலையைச் சந்தையில் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதைச் சொல்லத்தான் ஆசை, ஏனென்றால் நெசவில் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது.

24 அங்குல அகலத்தில் ஒரு சால்வை என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரத் தடிப்புள்ள பருத்தி நூலில் அங்குலத்துக்கு 24 இழை வேண்டும். அப்படியென்றால் நீளவாக்கில் மட்டும் 576 இழை. இதுதான் பாவு. சால்வை இரண்டு மீற்றர்தான் என்றாலும் குஞ்சத்துக்கும், தறியில் கட்டி வீணாகும் துண்டுக்கும், துவைத்தபின் சுருங்குவதற்கும் சேர்த்து ஒவ்வோர் இழையையும் மூன்று மீற்றராக எடுக்க வேண்டும். பாவுக்கே 1,700 மீற்றர் போகிறது. குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னும் 1,250 மீற்றர் அளவில். ஆக, உங்கள் தோளில் கிடக்கும் ஒரு சால்வைக்கு, வீணாகும் துண்டையும் சேர்த்து, ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நூல் போகிறது.

அந்த 576 இழையும் கை வழியாகத்தான் போக வேண்டும். முதலில் ஆணிச் சட்டத்தில் பாவு ஓட்டுவோம். ஓட்டும்போதே ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பின்னலிட்டு, அந்த இடத்தை ஒரு கயிற்றால் கட்டிவிட வேண்டும். அந்தக் கட்டு அவிழ்ந்தால் எந்த இழைக்குப் பின் எந்த இழை என்பது தெரியாமல் போய்விடும். பிறகு பாவைத் தறியின் உருளையில் சுற்றுவது. இதற்கு இன்னொருவர் வேண்டும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றவர் சுற்ற, சுற்றுக்குச் சுற்று நடுவில் கடதாசி வைத்துக்கொண்டே போவோம். கடதாசி இல்லாவிட்டால் மேல் இழைகள் கீழ்ச்சுற்றுக்குள் அமுங்கி, நெய்யும்போது சில இழை இறுக்கமாகவும் சில தொளதொளவென்றும் நிற்கும். அதன்பின் ஒவ்வோர் இழையாக விழுதின் (பாவு இழையை மேலும் கீழும் தூக்கும் கண்வைத்த நூல்) கண்ணுக்குள் கோத்து, அடுத்து அச்சின் (ஊடையை நெருக்கி அடிக்கும் சீப்புப் போன்ற சட்டம்) பல்லுக்குள் இழுக்க வேண்டும். இருநூறாவது இழையில் வரிசை மாறினால், துணியின் தலைப்பு முதல் கடைசி வரை ஒரு கோடாக அது தெரியும். நெய்து பார்த்தபின் தெரிந்தால் அவிழ்த்துத் திரும்பக் கோப்பதைத் தவிர வழியில்லை.

இவ்வளவுக்கும் ஒன்றரை நாள், சில நேரம் இரண்டு நாள் போகும். பிறகுதான் நாடா. நெய்து இறக்கியபின் குஞ்சம் முறுக்குவது, அலசுவது, உலர்த்துவது, இஸ்திரி போடுவது தனி.

ஒரே பாவில் மூன்று நான்கு சால்வைக்கு நூல் ஓட்டிவிட்டால் கோக்கும் வேலையும் வீணாகும் நூலும் பங்காகிவிடும். அதனால்தான் கடையில் ஒரே நிறக்கோடு போட்ட சால்வைகள் சில சேர்ந்து இருக்கும். ஊடை நிறத்தை மாற்றி ஒவ்வொன்றையும் வேறாக்குவோம்.

விலை ஏன் இவ்வளவு? கொஞ்சம் குறைக்கலாமே?

கணக்கைச் சொல்கிறேன். நூல், சாயம், சந்தையில் இடவாடகை, பஸ் செலவு. இவற்றோடு என் வேலை நாள். தோட்டத்தில் ஒரு நாள் பேர் போட்டால் என்ன சம்பளம் கிடைக்குமோ, அதற்குக் கீழே என் ஒரு நாளை நான் கணக்குப் போடுவதில்லை. எங்கள் ஊரில் என் வயதுப் பெண்கள் கொழுந்தெடுக்கப் போகிறார்கள், அல்லது கொழும்புப் பக்கம் கார்மண்டுக்குப் போகிறார்கள். தறியில் உட்கார்வதால் அவர்களைவிடக் குறைவாகத்தான் வரும் என்றால் எந்தப் பிள்ளையும் இதைப் பழக வரமாட்டாள், வரச் சொல்லவும் எனக்கு வாய் வராது.

இதைச் சொன்னபின் பலர் பேரம் பேசுவதில்லை. பேசுகிறவர்களிடமும் எனக்குக் கோபம் இல்லை, சந்தை என்றால் பேரம் உண்டுதான். இரண்டு மூன்று உருப்படி எடுத்தால் குறைக்கிறேன். ஒன்றுக்குக் குறைப்பதில்லை. கையில் காசு குறைவாக இருந்தால் மிச்ச நூலில் நெய்த கைக்குட்டை, சின்னப் பைகள், மேசை விரிப்புகள் இருக்கின்றன. அதே தறி, அதே உழைப்பு, அளவுதான் சின்னது.

இது கைத்தறிதான், மெஷின் துணி இல்லை என்று எப்படி நம்புவது?

துணியின் இரு கரைகளையும் பாருங்கள். இப்போதைய நாடா இல்லாத மெஷின்களில் ஊடை நூலை ஒவ்வொரு முறையும் வெட்டிவிடுவார்கள், அதனால் கரையில் நறுக்கிய நூல்முனைகள் நிற்கும், அல்லது அவற்றை உள்ளே மடித்திருப்பார்கள். கைத்தறியில் ஊடை கரையைச் சுற்றித் திரும்பி வரும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நாடா ஓடும் பழைய விசைத்தறியிலும் கரை இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது, கரையை ஒட்டி ஊசி குத்தினாற்போல் சின்னத் துளைகள் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது துணி அகலம் குறையாமல் விரித்துப் பிடிக்க, இரு முனையிலும் முள் வைத்த ஒரு கம்பைப் போடுவோம். அதன் அடையாளம் அது. விசைத்தறியிலும் இப்படி முள் வைத்துத் துணியைப் பிடிப்பதுண்டு, அதனால் இதுவும் தனியே சான்றாகாது. ஒருமுறை துவைத்தால் மறைந்துவிடும். ஊடையின் நெருக்கத்தில் மிக இலேசான ஏற்ற இறக்கம் இருக்கும். முழுத்துணியும் அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல வழி விற்பவரிடம் கேட்பதுதான். இதில் அங்குலத்துக்கு எத்தனை இழை, நூல் என்ன எண், பாவு யார் ஓட்டியது என்று கேளுங்கள். நெய்தவர் யோசிக்காமல் சொல்வார். வாங்கி விற்பவர் திணறுவார். வாங்கி விற்பதும் நேர்மையான தொழில்தான், அப்படிச் சொல்லி விற்றால்.

இது நூறு வீதம் பருத்தியா?

ஒரு நூல்முனையைத் தருகிறேன், கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி போலச் சட்டென்று எரிந்து மெல்லிய சாம்பலாகும், மணமும் எரிந்த கடதாசி மணம்தான். பொலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுத்த மணியாகக் கெட்டிப்படும். கம்பளியும் பட்டும் மயிர் பொசுங்கிய நாற்றம் தரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும். கலப்பு நூல் என்றால் இரண்டும் சேர்ந்து வரும். கடைக்காரர் கண்முன்னால், அவர் தரும் நூலில் மட்டும் செய்யுங்கள். தொங்கும் துணியருகே நெருப்புக் குச்சி வேண்டாம்.

நூல் எங்கிருந்து வருகிறது? அதில் எழுதியிருக்கும் எண் என்ன?

பருத்தி நூலுக்கு நாங்கள் பெரும்பாலும் இந்தியாவைத்தான் நம்பியிருக்கிறோம். இறக்குமதி தடுமாறினால் தறியும் நிற்கும். 2022 நெருக்கடியை மறக்க முடியுமா?

எண் என்பது நூலின் மெல்லிமையைச் சொல்லும் அளவு. 840 யார் நீளமுள்ள சிட்டம் (நூற்கட்டு) ஓர் இறாத்தலுக்கு எத்தனை நிற்கிறதோ அதுதான் எண். 40ஆம் எண் நூல் ஓர் இறாத்தல் வாங்கினால் 33,600 யார் கிடைக்கும். எண் கூடக் கூட நூல் மெலிகிறது. 2/40 என்று போட்டிருந்தால் 40ஆம் எண் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. பாவுக்கு இந்த இரட்டை முறுக்கு நூல்தான் நல்லது. தறியின் இழுவையையும் அச்சின் உராய்வையும் அது தாங்கும். ஒற்றை நூலைப் பாவுக்குப் போட வேண்டுமென்றால் கஞ்சி போட்டே ஆக வேண்டும்.

மலைநாட்டில் இவ்வளவு குளிர். நீங்கள் கம்பளி நெய்வதில்லையா?

கொஞ்சம் நெய்கிறேன், இறக்குமதி நூலில். இலங்கையில் கம்பளி நூலுக்காகச் செம்மறி வளர்ப்பது ஒரு தொழிலாக வரவில்லை. அதனால் கம்பளி நூல் விலை கூட.

ஆனால் கம்பளி என்றதும் எனக்கு வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தோட்டங்களின் சரித்திரத்தில் கம்பளிக்கு ஓர் இடம் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த முரட்டுக் கம்பளிகளைத் தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்குக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். பாட்டிமார் அதைத் தலையிலிருந்து முதுகு வரை போர்த்தி, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மழையில் கொழுந்தெடுத்தார்கள். பகலில் மழைக்கோட்டு, இரவில் போர்வை, பிள்ளை பிறந்தால் தொட்டில் விரிப்பும் அதுவே. பிறகு பிளாஸ்டிக் சீட் வந்தது. அது மழையைத் தடுக்கும், சூட்டைத் தராது. கம்பளி அப்படியில்லை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தைக் குடித்தாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, உடம்புச் சூட்டையும் விடாது. நாள் முழுக்கக் கொட்டும் மழையில் முழுவதும் ஊறிவிட்டால் மட்டும் அதன் பாரம் கழுத்தை இழுக்கும்.

2023இல் மலையக மக்கள் இங்கே வந்து 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தபோது கூடையும் கவ்வாத்துக் கத்தியும் எல்லா இடத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கம்பளியையும் வைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கம்பளித் துண்டு ஏதும் இருந்தால் சந்தைக்கு வரும்போது கொண்டு வாருங்கள், எறிந்துவிடாதீர்கள். அங்குலத்துக்கு எத்தனை இழை, எப்படி முறுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்கிறேன். அதே அமைப்பில் திரும்ப நெய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

மலைநாட்டில் நெசவு பழைய தொழிலா, புதிதாக வந்ததா?

மிகப் பழையது. கண்டிக்குப் பக்கத்தில் தும்பறைப் பள்ளத்தாக்கில் ஹேனவல என்ற ஊரில் நெய்யும் தும்பறைப் பாய்களைப் பார்த்திருப்பீர்கள். கற்றாழை போன்ற ஹண செடியின் நார் அது. இலையை மரத்தின்மேல் வைத்துச் சுரண்டி, சதையை நீக்கி, நாரைக் கழுவிச் சீவி, சாயம் போட்டு நெய்கிறார்கள். பதங்கிக் கட்டையில் சிவப்பும், மஞ்சளில் மஞ்சளும், கடுக்காயில் கறுப்பும் எடுப்பது அவர்கள் மரபு. இந்தத் தும்பறைக் கைவினையை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உடுதும்பறையில் தலகுனே என்ற ஊர் பருத்தி நெசவுக்குப் பெயர்போனது. சந்தையில் தும்பறைப் பாய்க்காரர்கள் வந்திருந்தால் என் கடைக்கு வருமுன் அங்கே போங்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஆலைத்துணி வந்து இறங்கியபின் கண்டி நாட்டு நெசவு தேய்ந்துபோனது. அதைக் கண்டு வருந்தியவர்களில் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். கனிமவள ஆய்வுக்கு வந்தவர் மலைநாட்டுக் கைவினைஞர்களின் வேலையைத் தேடித் தேடிப் பதிவுசெய்து 1908இல் நூலாக வெளியிட்டார். அவரோடு அலைந்து படமெடுத்தவர் அவர் மனைவி எதெல். இருவரும் பின்னாளில் பிரிந்தார்கள். எதெல் மேரே என்ற பெயரில் அந்த அம்மா இங்கிலாந்தின் கைத்தறி நெசவுக்கு வழிகாட்டியானார், 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அவர் கைத்தறியை நெருங்கிப் பார்த்த இடங்களில் நம் மலைநாடும் ஒன்று என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தமிழ் பேசுகிறவர்களின் நெசவு என்றால் கிழக்கே மருதமுனை. அந்த ஊர்ச் சாரங்களின் கட்டம் போடும் ஒழுங்கைப் பார்த்துத்தான் நிறக்கோடுகளை அடுக்குவது எப்படி என்று நான் படித்தேன், இன்றும் படிக்கிறேன்.

தேயிலையில் சாயம் போட முடியுமா?

முடியும். சந்தையில் மிக விரும்பிக் கேட்கப்படும் நிறம் அதுதான்.

தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து பருத்தியோடு நன்றாக ஒட்டும். வீட்டிலேயே செய்யலாம். நூலை முதலில் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து அலசுங்கள். இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், ஏனென்றால் நூலின் மெழுகும் எண்ணெயும் சாயத்தை உள்ளே விடாது. பிறகு நூலின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரம் கரைத்த சுடுதண்ணீரில் ஊறப்போடுங்கள். தேயிலையைக் கொதிக்க வைத்து வடித்து, அந்தச் சாற்றில் நூலைப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, இரவு முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். காலையில் இளம் பழுப்பு நிறம் பிடித்திருக்கும்.

சாம்பல் நிறம் வேண்டுமா? துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் சொட்டு எடுத்து வெந்நீரில் கலந்து, சாயம் பிடித்த நூலை முக்கினால் கண்முன்னே கறுத்து வரும். சொட்டுத்தான் வேண்டும். இரும்பு கூடினால் நூல் நாளடைவில் இற்றுப்போகும். பழைய கறுப்புத் துணிகள் கோடுகோடாகக் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம். சாயம் போட்ட சட்டியில் திரும்பச் சமைக்கக் கூடாது.

இதற்கு நல்ல தேயிலை வேண்டாம். தேநீர் ஊற்றிய சக்கையைக் காயவைத்துச் சேர்த்தாலே போதும், அளவு மட்டும் நிறைய வேண்டும். டீக்கடைக்காரர்கள் கேட்டால் கொடுப்பார்கள்.

மஞ்சள் போட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஞ்சள் பிரகாசமாகப் பிடிக்கும், வெயிலில் சீக்கிரம் வெளிறும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். விற்பதற்கு நான் அதைத் தனியாகப் பயன்படுத்துவதில்லை. வெங்காயத் தோல் அதைவிட நின்று பிடிக்கும். யூக்கலிப்டஸ் இலையில் சில இனங்கள் கம்பளிக்குச் செம்மஞ்சள் தரும், பருத்தியில் அந்த நிறத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மழையும் மூடுபனியும் தறிக்குக் கெடுதல் இல்லையா?

பருத்திக்கு ஈரக்காற்று நல்லது. பருத்தி இழை ஈரமாக இருக்கும்போது பலம் கூடும், பாவு அறுவது குறையும். மூடுபனி இறங்கிய காலைகளில் தறி அமைதியாக ஓடும். ரேயன் நூல் நேர்மாறு, நனைந்தால் பலம் இழக்கும்.

ஊவாப் பக்கத்தில் ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் காற்றுத்தான் எங்களுக்குச் சோதனை. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றுகிற அதே வறண்ட காற்று பாவை முறுகச் செய்து அறுக்கும். அந்த மாதங்களில் தறிக்குக் கீழே ஈரச்சாக்கு விரித்துவைப்போம்.

மழையின் தொல்லை உலர்த்துவதில்தான். சாயம் போட்ட நூல் நாள்கணக்கில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் வெயில் காலத்தில் சாயம், மழைக்காலத்தில் நெசவு என்று ஆண்டைப் பிரித்துக்கொள்கிறோம்.

தறியைத் தொடலாமா? பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

தொங்கும் துணியைத் தாராளமாகத் தொடுங்கள், தொடாமல் துணியை வாங்க முடியாது. தறியில் இழுத்துக் கட்டியிருக்கும் பாவை மட்டும் கேட்காமல் தொட வேண்டாம். ஒரு விரல் அழுத்தினால் சில இழைகள் தளர்ந்துவிடும், அதைச் சரிசெய்யும் வரை அந்த இடம் மேடுபள்ளமாக நெய்யும்.

பிள்ளைகள் கட்டாயம் வரட்டும். அவர்களுக்காக அட்டைத் தறிகள் வைத்திருக்கிறேன். மேலும் கீழும் வெட்டு விழுத்திய ஒரு அட்டைத் துண்டு, அதில் சுற்றிய நூல், ஒரு மழுங்கிய ஊசி. "அக்கா, நான் செஞ்சத நான் கொண்டுபோகலாமா?" என்று கேட்பார்கள். கொண்டுபோகலாம், காசு வேண்டாம்.

படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கடைகளில் இருப்பவர்களுக்கும் அது மரியாதை.

நானும் நெய்கிறேன். முதன்முறை சந்தைக்கு வர என்ன ஆயத்தம் வேண்டும்?

தறியில் பாவை வீட்டிலேயே ஏற்றி, விழுதும் அச்சும் கோத்து, ஒரு சாண் நெய்தும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சந்தையில் கோக்க உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும். பஸ்ஸில் கொண்டுவரும்போது பாவின் இழுவையைத் தளர்த்தி, அச்சைச் சட்டத்தோடு துணியால் கட்டுங்கள். ஹட்டன் வழி வளைவுகளில் அச்சு ஆடி ஆடி இழைகளை அறுத்துவிடும்.

காட்டிக்கொண்டே நெய்யப் போகிறீர்கள், அதனால் சாதாரண நெசவாகப் போடுங்கள். அழகை ஊடையில் தேடாமல் பாவின் நிறக்கோடுகளில் வைத்துவிடுங்கள். நாலு மிதி, எட்டு மிதி வைத்து மாற்றி மாற்றி மிதிக்கும் கோலங்களை வீட்டில் நெய்யுங்கள். நிமிடத்துக்கு ஒருவர் வந்து பேசும் இடத்தில் வரிசை பிசகும், பேசுகிறவர் முகத்தைப் பார்க்கவும் முடியாது. முகம் பார்த்துப் பேசுவது முக்கியம்.

நான் வற்புறுத்திச் சொல்வது இன்னொன்று. கோக்காத ஒரு பாவையும் ஒரு விழுதுத் துண்டையும் மேசைமேல் வையுங்கள். வருகிறவர் கையில் ஓர் இழையைக் கொடுத்து விழுதின் கண்ணில் கோக்கச் சொல்லுங்கள். அந்த ஓர் இழை கோத்தவரிடம் விலையைப் பற்றி நீங்கள் நீளமாகப் பேச வேண்டியிராது.

நாடாவுக்குள் போடும் தார்க் குச்சிகளில் முன்னாலேயே ஊடை நூல் சுற்றிக்கொள்ளுங்கள். கத்தரி, அளவு நாடா, சில்லறைக் காசு, ஒவ்வொரு துணிக்கும் என்ன நூல், எப்படித் துவைப்பது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய சீட்டு. மழைக்குப் பெரிய படங்கு ஒன்று. நுவரெலியா ஏப்ரல் சீசனில் கூட்டம் அள்ளும், ஆனால் பின்னேரத்தில் இடியோடு மழை இறங்கும். மத்தியானம் ஆனதும் படங்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கடையைப் பார்க்கப் பக்கத்துக் கடை அக்காவிடம் காலையிலேயே சொல்லிவைப்பது நல்லது, நீங்களும் அவர் கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெசவு பழக எங்கே போவது?

மாகாணத் திணைக்களங்களின் கீழ் நெசவு நிலையங்கள் நடக்கின்றன. உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுதொழிலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டால் எது அருகில் என்று சொல்வார். எந்த மொழியில் பழக்குகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்தாலும் போதும், தறி வேலை பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் பழகுவது.

தறி வாங்கிவிட்டுப் பழகலாம் என்று இறங்காதீர்கள். அட்டைத் தறி, பிறகு இடுப்பில் கட்டி நெய்யும் சின்னத் தறி, அதன்பின் மேசைத் தறி. லயத்து அறையில் பெரிய தறிக்கு இடமும் இல்லை. பாவு ஓட்டும் சட்டத்தை மட்டும் முதலிலேயே செய்துகொள்ளுங்கள், சுவரில் ஆணி அடித்துச் செய்தாலும் சரி. பாவை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவரை எந்த நெசவு நிலையமும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும்.

எப்படித் துவைப்பது? சாயம் போகுமா?

முதல் இரண்டு முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சவர்க்காரத்தில். கொஞ்சம் சாயம் வரும். அது நூலோடு ஒட்டாமல் மிஞ்சி நின்றது. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நெய்து முடித்த துணிக்கு உப்பும் வினாகிரியும் எதுவும் செய்யாது. மிச்சச் சாயம் போகும் வரை அலசுவதுதான் வழி.

முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் புகை ஏறி நிறம் மங்கும், அந்த மணமும் போகாது. மழைக்காலத்தில் மடித்து வைக்குமுன் ஒருதரம் இஸ்திரி போட்டால் பூஞ்சணம் வராது. கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டால் சுருங்கித் தடித்துவிடும், திரும்ப நீட்ட முடியாது.

ஓடர் எடுப்பீர்களா?

எடுக்கிறேன். அளவு, நிறம், எதற்காக என்று சொல்லுங்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி அதே நிறம் வேண்டும் என்றால் உறுதி சொல்லமாட்டேன், நூல் துண்டுகளை உங்கள் கையில் கொடுத்துப் பகல் வெளிச்சத்தில் தெரிவு செய்யச் சொல்வேன். நூலுக்கான காசை முன்பணமாக வாங்குவேன். பாவு தறியில் ஏறும்வரை நிறத்தை மாற்றலாம். ஏறியபின் ஊடையை மட்டும்தான் மாற்ற முடியும். கலியாணத்துக்கு என்றால் இரண்டு மாதம் முந்திச் சொல்லுங்கள், மழைக்காலமானால் இன்னும் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.